இறங்கிய தோள்

பாரீஸ், 8 ஜனவரி 1953

அன்புள்ள மிரேய் அக்காவுக்கு,

கால் தரையில் பாவவில்லை! முதலாளி வல்த்ரோம் நேற்று தையல் அறைக்கே வந்து, "யுகெத், ஊசிய வச்சிட்டு இப்படி நில்லும்மா" என்றார். கரித்துண்டால் நாலே இழுப்பு, படம் தயார். வசந்தகால ஆடைக் காட்சியின் முதல் உடை. அதை உடுத்தி நடக்கப்போவது நானாம். நீ விட்டுப்போன மாடல் இடம் கடைசியில் எனக்கு! படத்தில் முகமே இல்லை. ஓரத்தில் சாம்பல் பட்டுத் துண்டு ஒன்றைக் குண்டூசியால் குத்தியிருக்கிறார். இடது தோள் சற்றே இறங்கி, அச்சு அசலாக நான்.

அத்தான் சுகமா?

உன் யுகெத்

லீல், 11 ஜனவரி

அடி யுகெத்,

வயிறு எரிகிறது, மறைப்பானேன்? அவர் முன்னால் மூன்று வருடம் கால் கடுக்க நின்றவள் நான். இப்போது உன் அத்தானின் இறைச்சிக் கடையில் கொழுப்பு வாடையோடு நிற்கிறேன். பால் கேன் தூக்கித் தூக்கி இறங்கியது என் தோள்தானடி! நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவள். படத்தை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அனுப்பாவிட்டால் பயந்துவிட்டாய் என்று அர்த்தம்.

மிரேய்

பாரீஸ், 15 ஜனவரி

அக்கா,

பயமா, எனக்கா? மெல்லிய தாளில் படியெடுத்து அனுப்பியிருக்கிறேன். பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடு. காட்சிக்கு முன் ஒரு கோடு வெளியே தெரிந்தாலும் ஊரெல்லாம் அதையே தைத்து விற்றுவிடுவார்கள், என் வேலை போய்விடும். இங்கே குப்பைக் காகிதத்தைக்கூடப் பூட்டித்தான் வைக்கிறார்கள். தோளை நன்றாகப் பார். உன் காலம் உன் கல்யாணத்தோடு முடிந்தது, கோபித்துக்கொள்ளாதே.

யுகெத்

லீல், 26 ஜனவரி

என் தங்கச்சிக்கு,

அடுப்பிலா போடுவேன்? தைத்தே விட்டேன்! நேற்று முன்தினம் மேயர் விருந்துக்கு அதைத்தான் உடுத்திப் போனேன். "நம்ம கறிக்கடைக்காரர் பொண்டாட்டியா இது!" என்று வாயைப் பிளந்தார்கள். பத்திரிகைக்காரர் போட்டோகூட எடுத்தார். இந்த ஊர்ப் பத்திரிகையைப் பாரீஸில் யார் பார்க்கப்போகிறார்கள்? இப்போது சொல், தோள் யாருடையது?

உன் அக்கா

பாரீஸ், 29 ஜனவரி

மிரேய்க்கு,

கடிதத்துக்கு முன்பே உன் போட்டோ வந்த பத்திரிகை முதலாளி மேசைக்கு வந்துவிட்டது. அவர் தன் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தோள் அவளோடதுதான். யாரை நிக்க வச்சாலும் என் கை அதைத்தான் போடுது" என்றார். பிறகு படத்தை இரண்டாகக் கிழித்தார். "கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா."

நீ ஜெயித்துவிட்டாய். இனி எனக்கு எழுதாதே. வேலை போனதற்காக நான் அழவில்லை. தோள் உன்னுடையது என்று சொன்னாரே, அதற்குத்தான் அழுதேன்.

யுகெத்