யுகேந்திரனின் ரத்த முடிவை எங்கள் வீட்டாரிடம் தர வேண்டாம்

அனுப்புநர்:
தினேஸ்வரி த/பெ தர்மா,
புந்தோங், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
நெறிமுறைக் குழு,
குடும்ப மரபணு ஆய்வுத் திட்டம், ஈப்போ.

பொருள்: எனக்கு நிச்சயிக்கப்பட்ட மணமகனின் மரபணுப் பரிசோதனை விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிட்டது குறித்தும், முழு முடிவை என் தந்தையிடம் காட்டவிருப்பதைத் தடுக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் புந்தோங்கில் பாலர் பள்ளி ஆசிரியை. ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் யுகேந்திரனுக்கும் எனக்கும் வரும் ஆவணியில் திருமணம்.

1. சித்தியவான் பக்கம் இருந்த எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களில் பலருக்கு இளவயதிலேயே மாரடைப்பு வருகிறது. காரணம் ரத்த வழியில் இருக்கிறதா என்று ஆராயத் தங்கள் திட்டத்தினர் பொங்கல் சமயத்தில் தோட்டத்துக் கோயிலில் முகாம் போட்டார்கள். நல்ல காரியம்தான். யுகேந்திரன் ஊசிக்குப் பயந்தவர். முகத்தைத் திருப்பி, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ரத்தம் கொடுத்தார். முடிவு அவரிடம் மட்டுமே சொல்லப்படும் என்று தாதி சொன்னதை நானும் கேட்டேன்.

2. பிறகு அவருடைய கைப்பேசி எண் மாறிவிட்டது. தங்கள் அதிகாரி ஒருவர் கோயில் செயலாளர் சின்னையா அண்ணனை அழைத்து, இருதய நோய் வரும் வாய்ப்பு தெரிவதாகவும் யுகேந்திரனை வரச் சொல்லும்படியும் கூறியிருக்கிறார். சின்னையா அண்ணன் வாயில் எதுவும் தங்காது. அன்பு மட்டும் அளவுக்கு மேல் உண்டு. சித்திரைத் திருவிழாவில், அன்னதானத்துக்கு முன், “நம்ம யுகேந்திரன் தம்பிக்கு இருதயத்துல கோளாறு வரும்னு ரத்தத்துல இருக்காம். சின்ன வயசுப் பையன்லா. எல்லாரும் ஆத்தாகிட்ட வேண்டிக்குங்க” என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, தம் செலவில் அர்ச்சனையும் செய்துவிட்டார். அவர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். அவரிடம் சொன்னவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

3. அன்று முதல், வாய்ப்பு என்பது நோயாகிவிட்டது. தேர் வடத்தை யுகேந்திரன் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள். ரஹீம் அண்ணன் கடையில் கேட்காமலே சீனி போடாத தேநீர் வருகிறது. செல்லாயி அத்தை பாகற்காய்ச் சாறு கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்கிறார். பூப்பந்து ஆட்டத்தில் எதிரணியினர்கூட அவர் ஓட வேண்டியிராதபடி பந்தை நேராகக் கைக்கே அடித்துத் தருகிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் சென்ற வாரம் மாடிப்படி ஏறும்போது அவர் நின்று, நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

4. பத்துப் பொருத்தத்தில் எட்டு பொருந்தியதும் தெரு முழுக்க லட்டு கொடுத்தவர் என் தந்தை. இப்போது பதினோராவதாக ரத்தப் பொருத்தமும் பார்க்க வேண்டும் என்கிறார். “எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. தெரிஞ்சே எப்படிலா கொடுக்கிறது?” என்பது அவர் கேள்வி. அவர் தங்கள் அலுவலகத்தை அழைத்துப் பேசியபோது, மணமகள் வீட்டார் என்பதால் வரும் திங்கட்கிழமை முழு முடிவையும் காட்டுவதாகவும், நானும் ரத்தம் கொடுத்தால் பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றியும் கணித்துச் சொல்லலாம் என்றும் மிகக் கனிவாகப் பதில் கிடைத்திருக்கிறது. முடிவு சரியில்லை என்றால் கல்யாணம் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

5. ஐயா, அந்த ரத்தம் யுகேந்திரனுடையது. முடிவைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று அவரே இன்னும் தீர்மானிக்கவில்லை. யோசிக்கட்டும். என் ரத்தத்தை நான் கொடுக்கப் போவதில்லை. எந்த முடிவு வந்தாலும் அவரைத்தான் கட்டிக்கொள்வேன். மருத்துவர் ஒருவர் அவரைத் தனியே சந்தித்து, நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, வாய்ப்பு வேறு நோய் வேறு என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டும். அவர் வாய்திறந்து சம்மதிக்காமல் அந்த முடிவை யாரிடமும் தரக்கூடாது.

6. திங்கட்கிழமை என் தந்தை நிச்சயம் வருவார். தங்கமான மனிதர். பேசும்போது கண் கலங்குவார், தங்களுக்கும் மனம் இளகும். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

7. எனக்கும் பயம் உண்டு, ஐயா. கல்யாணமான பிறகு அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நான் விழித்துக் கிடக்கலாம். பயம் தாங்காமல் ஒரு நாள் நானே தங்கள் அலுவலகத்துக்கு வந்து, மனைவி என்ற உரிமையில் கேட்டு அழுதாலும், அவரைக் கேட்காமல் எனக்கும் கொடுக்காதீர்கள்.

தங்கள் நேர்மையை நம்பும்,

(ஒப்பம்)
தினேஸ்வரி

இடம்: புந்தோங், ஈப்போ
நாள்: 8.7.2025