வெண்ணெய்க்கு இரண்டு கொம்பு

ஜூன் 7, ஞாயிறு

இன்று நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். நம்பாதவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. என் டைரியை நானே பாதிதான் நம்புகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பூசணிக்காய் காய்த்தது. காய் என்று சொன்னால் அதற்கு அவமானம். ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் வைத்தால் ஒரு சின்னக் குடும்பத்தைக் குடிவைக்கலாம். அதை அடுப்படிக்கு உருட்டி வந்தபோது தெருக்கோடியில் பஸ் நின்று வழிவிட்டதாகக் கேள்வி.

அதைச் சூப்பாக்கியவள் என் தங்கை மகள். வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பெயர். ஒரு பெரிய ஹோட்டலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலைமைச் சமையல்காரர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் "உனக்குக் கத்தி பிடிக்கத்தாம்மா வரும், கை கிடையாது" என்று சொல்லிவிட்டாராம். விட்டுவிட்டு வந்துவிட்டாள். பால், தயிர், வெண்ணெய், தேன் எல்லாவற்றையும் அதற்கு முன்பே விட்டிருந்தாள். வீகனாம். "வீகன்னா வீங்காதவன்னு அர்த்தமா?" என்றேன். சிரித்தாள். "பால் கறக்கிற இடத்துல ஒரு கன்னுக்குட்டியைப் பார்த்தேன் மாமா. அதுக்கப்புறம் தொண்டையில இறங்கலை" என்றாள். அதற்கும் ஏதோ ஜோக் அடித்தேன்.

இப்போது முன்னறையில் ஒரு சாப்பாட்டுக் கடை போட நினைக்கிறாள். தோட்டத்தில் அந்தந்தப் பருவத்தில் என்ன காய்க்கிறதோ அதுதான் சமையல். ஞாயிறுதோறும் தெருக்காரர்களைக் கூப்பிட்டு வெள்ளோட்டம். இன்று முதல் நாள்.

பக்கத்து வீட்டு நர்ஸம்மா வந்தார். குறை சொல்வதற்கென்றே பல் கட்டிக்கொண்டவர். வறுத்த வேர்க்கடலையை அரைத்து விட்ட அந்தச் சூப்பை ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். "என்ன கைமணம்டி உனக்கு!" என்றார்.

சுண்டு அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. நான் பார்க்காத மாதிரி பாட்டுப் பாடினேன்.

ஜூன் 9

சலூனில் இதை எல்லாம் அளந்தேன். சலூன்காரர் கத்தரியை நிறுத்தவில்லை. "இலை தழையைத் தின்னுட்டு எத்தனை நாளுக்குங்க தாக்குப்பிடிப்பீங்க?"

"ஆடு மாடு அதைத்தானேய்யா தின்னுது. உன்கிட்ட வந்து கழுத்தை நீட்டுதா?"

"நீட்டாது. நேரா கசாப்புக் கடைக்குப் போயிடுது."

தலையைக் குனிந்து கழுத்தை நீட்டினேன். அவர் என் பிடரியைச் சிரைத்தார்.

ஜூன் 14, ஞாயிறு

இன்று பீன்ஸும் கீரையும்.  பூசணிக்காய் ராஜா, பீன்ஸ் வெறும் குமாஸ்தா. பெண் தோற்றுவிட்டால்?

கொத்தமல்லி கிள்ளச் சுண்டு தோட்டத்துக்குப் போன நேரத்தில், உலக வரலாற்றின் மாபெரும் மோசடி நிகழ்ந்தது. ஒரு கட்டி வெண்ணெய். சட்டியில் விழுந்து, உருகி, மறைந்தது. மீதியைப் புது பெயின்ட் டப்பா ஒன்றில் மாடியறையில் ஒளித்து வைத்திருக்கிறேன். மேலே "வெள்ளை" என்று நானே அழகாக எழுதி ஒட்டியிருக்கிறேன். போர்டு எழுதும் ஆர்டிஸ்ட் அறையில் வெள்ளை டப்பாவை யார் சந்தேகப்படுவார்கள்?

எல்லோரும் வழித்துத் தின்றார்கள். சுண்டுவும் ருசி பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். "கடலை அரைச்சு விட்டதே அதிகம் போல இருக்கே மாமா. அடுத்த வாரம் குறைச்சுடணும்."

துண்டால் வாயை மூடிக்கொண்டேன். சிரிப்பு.

ஜூன் 21, ஞாயிறு

கத்திரிக்காய். மறுபடியும் போட்டேன். அவள் கடலையை அடியோடு நிறுத்திவிட்டாள். "எண்ணெயும் இவ்வளவு வேணாம் போல, காய்லயே அவ்வளவு ருசி இருக்கு" என்கிறாள். நர்ஸம்மா மறுசோறு வாங்கினார்.

ஜூன் 23

சலூனில் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கைமணம் எங்க இருக்கு தெரியுமா? என் பெயின்ட் டப்பாவுல!"

"முதல் நாள்லேருந்தேவா?"

"பின்னே? பூசணிக்காய்க்கே உயிர் கொடுத்தது நான்தான்யா."

அது பொய். பூசணி சமைத்த அன்று என்னிடம் வெண்ணெயே கிடையாது. சலூனில் யார் நிறுத்துப் பார்க்கப்போகிறார்கள்? நன்றாகச் சிரித்தார்கள்.

ஜூன் 25

கடைக்குப் போர்டு எழுதச் சொன்னாள். கடைக்குப் பெயர் "கைமணம்". நர்ஸம்மா சொன்ன அந்தச் சொல்லையே வைத்துவிட்டாள். அதன் கீழே: தோட்டத்துக் காய். பால் இல்லை. தயிர் இல்லை. வெண்ணெய் இல்லை.

பெயரை மஞ்சளில் பூசணிக்காய் மாதிரி உருட்டி எழுதினேன். பால் இல்லை எழுதினேன். தயிர் இல்லை எழுதினேன். "வெ" எழுதியதும் பிரஷ் நின்றுவிட்டது. மயிர் உதிர்கிறது, வேறு வாங்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.

அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு கொம்பு. வெ-வுக்கு ஒன்று, ணெ-வுக்கு ஒன்று. இத்தனை வருஷம் போர்டு எழுதுகிறேன், கவனித்ததில்லை. நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

இன்னொன்று. பந்தலில் சுரைக்காய். "நகம் இறங்குது மாமா, இன்னும் பிஞ்சு, இப்பவே பறிச்சாத்தான் உண்டு" என்றாள். நான்தான் கெஞ்சினேன், இன்னும் வளரட்டும் என்று. அந்தக் காயை விளக்குக் கம்பமாக நட்டு மின்சாரம் இழுக்கப்போவதாகச் சலூனில் சொல்லி வைத்திருக்கிறேன். "சரி, உங்க ஆசைக்கு" என்று விட்டுவிட்டாள்.

ஜூன் 28, ஞாயிறு

காய்ச்சல். என் உடம்பில் சோறு வடித்திருக்கலாம். மாடியிலேயே படுத்துவிட்டேன். இன்று அந்தச் சுரைக்காய்தான் சமையல். என் டப்பா என்னோடு மாடியில்.

கீழே பேச்சே இல்லை. கரண்டி சத்தம் மட்டும். பிறகு நர்ஸம்மா குரல்: "நல்லாத்தான் இருக்கு. சூடா இருக்கு." குறை சொல்பவர் குறை சொல்லாமல் விட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவுக்கே தெரியும்.

சாயங்காலம் சுண்டு கஞ்சி கொண்டுவந்தாள்.

"ஹோட்டல்ல அவர் சொன்னது சரிதான் மாமா. எனக்குக் கை இல்லை."

"ஏம்மா இப்படி..."

"எப்படி வந்துச்சுன்னும் தெரியலை, எப்படிப் போச்சுன்னும் தெரியலை. அதே மாதிரிதான் செஞ்சேன். சப்புன்னு இருக்கு. கடை வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தாள். அந்தக் கையை.

கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். 

ஜூன் 29

சொல்லவில்லை. காய்ச்சல் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 30

காய்ச்சல் விட்டுவிட்டது. சொல்லவில்லை.

ஜூலை 1

தங்கை என் அறையைப் பெருக்க வந்தாள். எறும்பு வரிசை. சுவர் ஓரமாக வந்து, அலமாரி ஏறி, வெள்ளை பெயின்ட் டப்பாவுக்குள் போகிறது.

"ஏண்ணே, பெயின்ட்டை எறும்பு தின்னுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மூடியைத் திறந்துவிட்டாள். மோந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது; அவள் என் கூடப் பிறந்தவள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். டப்பாவை என் மேசை மேல் வைத்தாள்.

"மூணு நாளா அந்தப் பொண்ணு சாப்பிடலை. நீயே சொல்லிடு. என்னைச் சொல்ல வைக்காதே."

ஜூலை 2

சொல்லிவிட்டேன்.

சுண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். டப்பாவை எதிரில் வைத்து, ஜோடனை இல்லாமல், நடந்தது நடந்தபடி சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம். சுரைக்காயை முற்ற விட்டதும் நான், கடலையை நிறுத்த வைத்ததும் நான் என்றேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. கோபப்படுவாள், கத்துவாள், சட்டியை எறிவாள் என்று ஒவ்வொன்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"நானும் சாப்பிட்டேனே மாமா" என்றாள்.

அதற்குத் தயாராகப் போகவில்லை. ருசி, கை, கடை என்று மூன்று நாளாக எதை எதையோ நினைத்துப் புழுங்கினேனே, இது எப்படி என் புத்திக்கு எட்டாமல் போயிற்று? தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்ன பெண். அவள் தொண்டையில் நான் இறக்கியிருக்கிறேன். அவளுக்குத் தெரியாமல். சிரித்துக்கொண்டே. சே, நானெல்லாம் ஒரு மனுஷனா?

"எப்போலேருந்து?"

"ரெண்டாவது ஞாயித்துக்கிழமைலேருந்தும்மா. பூசணிக்காய்ல ஒண்ணும் போடலை. அது முழுக்க உன் கைதான். சத்தியமா."

"சலூன்காரர் நேத்து கடைத்தெருவுல பார்த்தார். 'பூசணிக்காய்க்கே மாமாதான் உயிர் கொடுத்தாராமே'ன்னு சிரிச்சார். அப்போ எனக்குப் புரியலை."

"அது சும்மா... ஒரு பேச்சுக்கு..."

"இப்போ சொல்ற இது?"

கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். முகத்தில் ஏளனம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள். கதவு வைத்த பூசணிக்காயையும் கம்பமாக நட்ட சுரைக்காயையும் சொன்ன அதே வாய்தான் என்னிடம் இருந்தது. வேறு வாய்க்கு எங்கே போவேன்?

ஜூலை 5, ஞாயிறு

சமையல் இல்லை. நர்ஸம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போர்டு மாடிப்படியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.

ஜூலை 7

சலூனுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். முதல் நாள் ஒன்றும் போடவில்லை, அது அந்தப் பெண்ணின் கை, நான் சொன்னது பொய் என்று. காத்திருந்தவர்கள் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இது போன தடவையை விட நல்லா இருக்குங்க" என்றார் சலூன்காரர்.

ஷேவிங் செய்யாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 13

கொடியில் கடைசியாக ஒரு பூசணி இருக்கிறது. ஒரு தண்ணீர்க் குடம் அளவு. இல்லை, குடமும் இல்லை. செம்பை விடக் கொஞ்சம் பெரிது.

ஜூலை 19, ஞாயிறு

காலையில் சுண்டு அந்தப் பூசணியைப் பறித்தாள். என்னைப் பார்க்கவில்லை. அடுப்படிக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். அந்தக் கதவில் தாழ்ப்பாள் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

தோட்டத்துக் குழாயடியில் உட்கார்ந்தேன். கடலை வறுபடும் வாசனை வந்தது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நர்ஸம்மாவைத் தங்கை கூப்பிடும் குரல். நர்ஸம்மாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைமணம் என்று சொல்லவில்லை.  கடைசியில் கிண்ணத்தை நகர்த்தும் சத்தம். "இன்னொரு கரண்டி ஊத்துடி. என்ன பார்த்துக்கிட்டே நிக்கிறே?"

தங்கை எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டேன். எப்படி இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று நல்ல நல்ல சொல்லாக யோசித்து வைத்திருந்தேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூலை 20

பெயின்ட் டப்பாவைச் சுரண்டிக் கழுவி வெயிலில் காயவைத்தேன். எறும்புகள் இன்னும் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

ஆகஸ்ட் 1, சனி

மாடிப்படியில் சத்தம். சுண்டு போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் மேசையில் சாய்த்து வைத்தாள்.

"நாளைக்குத் திறக்கிறேன். முடிச்சுக் கொடுங்க."

அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். காவலுக்கா, பார்க்கவா? கேட்கவில்லை.  ஏற்கெனவே எழுதிய வெ-வுக்குப் பக்கத்தில் ண் போட்டேன். ணெ-வுக்குக் கொம்பு போட்டேன். ய் போட்டேன். பிறகு "இல்லை".

தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஹோட்டலில் தட்டு வெளியே போகுமுன் அப்படித்தான் பார்ப்பார்களாம்.

"இல்லைங்கிறது சின்னதா இருக்கு மாமா. அழிச்சுட்டுப் பெருசா எழுதுங்க."

அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினேன். அவள் கீழே போனாள். அடுப்படிக் கதவு மூடும் சத்தமும் தாழ்ப்பாள் சத்தமும் கேட்டன.

டைரியின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பூசணிக்காயில் கதவு வைக்க முடியாது. ஜன்னல் முடியவே முடியாது. பஸ் எதுவும் நிற்கவில்லை. எங்கள் தெருக்கோடியில் பஸ்ஸே வராது. நர்ஸம்மா கண்ணை மூடினார். அது மட்டும் நடந்தது.