சுவருக்குள் ஓடிய மழை

இன்று காலை மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் யாரோ சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரமான ஆவி மூக்கில் ஏறியதும், உன் வாப்பாவின் கல்வீட்டு வாசலில் நீ முழங்கைவரை வெள்ளையாக நின்று சிரித்தது கண்முன் வந்தது. வேலைக்குப் போகாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சண்டை முடிந்து, நீங்கள் அகதிகளாக இருந்த புத்தளத்திலிருந்து மீளக்குடியேற வந்தபோது அந்த வீட்டுக்குக் கூரை இல்லை. முற்றத்தில் உடைமரம் வளர்ந்திருந்தது; அறைகளில் கழுதைகள் படுத்துக் கிடந்தன. வீட்டுத்திட்டத்துக்குப் படம் வரைபவளாக வளவை அளக்க வந்த என்னை, சின்ன வகுப்பில் கூடப் படித்தவள் என்று நீதான் முதலில் கண்டுபிடித்தாய்.

நீ நானா என்று கூப்பிட்ட உன் அண்ணன் அந்தக் கல்வீட்டை இடித்துவிட நினைத்தார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. தகரக் கொட்டிலில் பிள்ளைகளோடு வெந்துகொண்டிருந்தார். இடம் வெறுமையானால்தான் புது வீடு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு இடிக்கிற பெக்கோ இயந்திரம் வருவதாக ஏற்பாடு. நீயோ கடலிலிருந்து வெட்டியெடுத்த முருகைக்கல்லால் ஆன சுவரைத் தட்டித் தட்டி, இரும்பே இல்லாமல் இந்த வளைவுகளை எப்படி நிறுத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். கடற்காற்றில் கொங்கிரீட்டுக் கம்பிகள் துருப்பிடித்து வெடிக்கிற ஊரில் அவை அசையாமல் நின்றன. ஆனால் சுவர்கள் ஏன் அவ்வளவு தடிப்பு என்பது எனக்கும் விளங்கவில்லை. அளவெடுக்கச் சுவரின் உச்சியில் ஏறி மண்ணைச் சுரண்டியபோது, கல்லில் வெட்டிய வாய்க்கால் ஒன்று தெரிந்தது. அதன் முடிவில் ஒரு துளை. தடியால் குத்திக் குத்தி அடைப்பை எடுத்தோம்.

வியாழன் பின்னேரம் மழை கொட்டியது. எல்லோரும் கொட்டிலுக்கு ஓட, நீ மட்டும் நனைந்தபடி சுவரில் காதை வைத்து நின்றாய்.

“இஞ்ச வா. சுவருக்குள்ள தண்ணி ஓடுது.”

உண்மையாகவே ஓடியது. சத்தத்தின் பின்னாலேயே முற்றத்து மூலைவரை போய், அலவாங்கால் ஒரு பலகைக்கல்லை நெம்பினோம். கீழே வளைந்த கூரையோடு ஒரு பெரிய தொட்டி. அதற்குள் மழை விழுந்துகொண்டிருந்தது. கிணறெல்லாம் உப்பாக இருக்கிற ஊரில், வீட்டையே நீர் சேர்க்கும் பாத்திரமாகக் கட்டியிருக்கிறார்கள். குழாய்களை உள்ளே ஒளித்துவைக்கத்தான் அந்தத் தடிப்பு. நீ சின்னப் பெண்ணைப்போல என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாய்.

நானா வாளியை இறக்கி அள்ளினார். கலங்கல் தண்ணீர்தான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். தினமும் தண்ணீர் பவுசர் லொறிக்காக வெயிலில் காத்து நிற்கிற மனிதர், இன்னொரு தடவையும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு இல்ல,” என்றார் பிறகு. “பெக்கோக்காரன வர வேணாமெண்டு நான் சொல்றன்.”

புது வீட்டைப் பின்வளவுக்குத் தள்ளிப் படத்தை மாற்றி வரைந்தேன். வீட்டுத்திட்டக் கந்தோரில் வாதாடித்தான் அதை ஒப்புக்கொள்ள வைத்தேன். பழைய வீட்டுச் சுவர்களுக்கு நீயே சுண்ணாம்பு குழைத்துப் பூசினாய்; அதற்கும் கூரை ஏறியது. அடுத்த மாரி மழையில் தொட்டி நிரம்பியதை நீ பார்த்தாய். அதற்கடுத்த மாரிக்கு முன்னரே புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது யாராவது வீட்டுக்குப் படம் கேட்டு வந்தால், எத்தனை அறை வேண்டும் என்று நான் தொடங்குவதில்லை. உங்கள் வளவில் மழை எந்தப் பக்கத்தால் வந்து எங்கே போகிறது என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் எழுந்து போய், முதல் தடவையாகத் தங்கள் வளவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.