பேர் பிறகு சொல்லப்படும் பையனுக்கு

சான் பெத்ரோ,
ஞாயிறு மதியம்.

அன்பு மகன் வில்கினுக்கு அம்மா எழுதுவது. நான், உன் அப்பா, தங்கை யாஹைரா மூவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நேற்றிலிருந்து மனசுக்கும் ஒன்றும் இல்லை. நீயும் அமெரிக்காவில் அந்தப் புது ஊரில் அப்படியே இருக்க வேண்டும், முழங்கால் உட்பட. நேற்று டெலிபோன் ஆபீஸில் உன் குரல் வந்ததும் 'ஆசீர்வாதம் பண்ணும்மா' என்றுதான் முதலில் சொன்னாய், அப்போதே பாதி உயிர் திரும்பிவிட்டது, கோபத்தில் இருக்கிற பிள்ளை அதைக் கேட்க மாட்டான். 'வந்து சேந்துட்டேன்மா, வந்த அன்னிக்கே ஆட வச்சிட்டாங்க' என்றாய் பார், மீதி உயிரும் வந்தது. கூண்டுக்குள் நின்று நான் அழுததைப் பார்த்து ஆபீஸ் பெண் ஓடிவந்து 'யாருக்கு என்னக்கா ஆச்சு' என்று கேட்டாள், 'யாருக்கும் ஒண்ணும் ஆகலடி, என் பையன் வேலைக்குப் போயிட்டான்' என்றேன், பைத்தியம் என்று நினைத்திருப்பாள். மூன்று நிமிடத்தில் உன்னைத் திட்ட முடியவில்லை, அதனால் திட்டையெல்லாம் இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன், பொறுமையாகப் படி.

நீ அங்கே இருந்து பட்டதை எழுதினாய், இங்கே நாங்கள் பட்டது உனக்குத் தெரியாது. ஜூலை தொடக்கத்தில் ரேடியோவில் பேஸ்பால் செய்தியில் சொன்னார்கள், உன் பழைய அணி ஒரு கிழட்டு இடதுகைப் பந்துவீச்சாளரை வாங்கிக்கொள்கிறது, பதிலுக்கு ஒரு பையனையும் கூடவே பேர் பிறகு சொல்லப்படும் ஆட்டக்காரர் ஒருவரையும் கொடுக்கிறது என்று. பேர் பிறகு சொல்லப்படுமாம்! மாட்டுச் சந்தையில்கூட எந்த மாடு என்று காட்டிவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்கிறான். அன்றைக்குச் சாயங்காலமே சாகோவின் மளிகைக்கடை வாசலில் டோமினோ ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் இதே பேச்சு, இந்தத் தெருவில் மட்டும் அந்த அணியின் கீழ்நிலை அணிகளில் நம் பையன்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள் அல்லவா. யார் போவான், யார் எவ்வளவு பெறுவான் என்று கட்டை தட்டித் தட்டி விலை போட்டார்கள். உன்னைப் பற்றிச் சாகோ சொன்னது, 'வில்கினா, அவன் அடிக்கவா செய்றான், அடிக்கறவனுக்குப் பின்னால குந்தி உக்காந்து பந்து பொறுக்கறான், அவனைக் கேட்டா ரெண்டு மட்டையும் ஒரு மூட்டைப் பந்தும் சேத்துக் குடுக்கணும்'. நான் அரிசி வாங்க நின்றிருந்தேன். 'உன் தராசுல முள் பொய் சொல்றது ஊருக்கே தெரியும், அதுல என் பையனை வைக்காதே' என்றேன், எல்லோரும் சிரித்தார்கள், சாகோவும்தான். ஆனால் வீட்டுக்கு வந்து அந்த அரிசியை மூன்று தடவை களைந்தேன்.

உன் அப்பாதான் ரொம்பக் கெட்டுப்போனார். நீ அந்த அணிக்குக் கையெழுத்துப் போட்ட வருஷம், கரும்பு ஆலை மூடிக்கிடக்கும் மாதங்களில், ஏணி கடன் வாங்கி வீடு முழுக்க அந்த அணியின் ஆரஞ்சை அடித்தாரே, கூரைத் தகரத்தைக்கூட விடாமல். அப்போதே சொன்னேன், 'பையனைத்தான் அவங்க எடுத்தாங்க, வீட்டை இல்ல'. கேட்டால்தானே. இப்போது பாலத்தில் வரும் பேருந்துக்காரர்கள் நிறுத்தம் சொல்வதே 'கமலாப்பழத்து வீடு எறங்கு' என்றுதான். இந்தப் பண்டமாற்றுச் செய்தி வந்ததிலிருந்து சாகோவுக்கு ஒரே கொண்டாட்டம், தினமும் காலையில் 'என்னடா எலிஹியோ, உன் கமலாப்பழம் வெம்பிடுச்சாமே' என்று கத்துவான். அவரோ பட்டை போட்ட சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து 'நம்மளை விட மாட்டாங்க நெரேய்டா, நாம விசுவாசமானவங்க' என்பார். யாருக்கு விசுவாசம்? உன் தொடையையும் பல்லையும் கோவேறு கழுதைக்குப் பார்க்கிற மாதிரி பார்த்து வாங்கியவனுக்கா? மூலை வீட்டு டொரிபியோ ஐந்து வருஷம் அவர்களுக்காகத் தோளைக் கொடுத்தான், தோள் போனதும் பேருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள், இன்றைக்குப் பூங்காவில் இளநீர் சீவுகிறான், அதுவும் இடது கையால். அவனும் அந்தத் தொப்பியைக் கழற்றியதே இல்லை.

நான் விசுவாசத்துக்கு விரோதி இல்லை, உனக்குத் தெரியும். குளிர்காலத்தில் நம் நாட்டு அணிகள் ஆடும்போது நான் பச்சை அணிக்காரி, பச்சை தோற்ற வருஷங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு வீடு கட்டலாம், இருந்தும் நீலக்காரன் கடையில் நூல்கூட வாங்க மாட்டேன். அது என் சந்தோஷம், என் கிறுக்கு. என்னை யாரும் விற்க மாட்டான், ரசிகனை வாங்குவதற்கு ஆள் கிடையாது, அதனால் நான் சாகிறவரை பச்சையாக இருக்கலாம். நீ ரசிகன் இல்லைடா, வேலைக்காரன். ஏற்றுமதி வளாகத்துத் தையல் ஆலையில் என்னைக் கால்சட்டை வரிசையிலிருந்து காலர் வரிசைக்கு மாற்றினபோது மேஸ்திரி என்னைக் கேட்டானா? நான் காலர் தைத்தேன், ஆனால் கால்சட்டைக்காகக் கண்ணீர் விடவில்லை. நீ என்னடாவென்றால் உன் பேர் வெளியே வந்ததும் எழுதினாயே ஒரு கடிதம், 'என்னைக் கொசுறாத் தூக்கிப் போட்டுட்டாங்க, செருப்பு வாங்கினா குடுக்கற கயிறு மாதிரி, நான் அங்க போக மாட்டேன், வீட்டுக்கு வரேன்' என்று. அதைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தம் சாகோ கடை வரை கேட்டதாம். அழைத்த இடத்துக்குப் போகாதவனைத் தடை செய்துவிடுவார்கள், பிறகு எந்த அணியும் தொட முடியாது, டொரிபியோவுக்காவது தோள் போனது, உனக்கு ரோஷத்தில் போயிருக்கும். ஓடிப்போய் டெலிபோன் போட்டால் நீ தங்கியிருந்த வீட்டம்மா நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய் என்கிறாள், எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கு அவள் பாஷை புரியவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களில் இந்த வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. யாஹைரா மட்டும் ஒவ்வொரு பேருந்து நிற்கும்போதும் எட்டிப் பார்ப்பாள். நீ அதிலிருந்து இறங்கிவிடக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன், எந்தத் தாயாவது பிள்ளை வீட்டுக்கு வரக்கூடாது என்று வேண்டுவாளா, இந்த ஊர் எங்களை அப்படி ஆக்கி வைத்திருக்கிறது.

வியாழக்கிழமை பெரூச்சோ வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், குட்டையாக, வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு, துறைமுக மைதானத்தில் தனியாக உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பாரே, உன் புது அணிக்கு இங்கே பையன்களைத் தேடிக் கொடுப்பவர் அவர்தானாம். வந்தவருக்கு உட்கார நாற்காலி போடக்கூட எனக்கு மனசில்லை. 'கொசுறைப் பாக்க வந்தீங்களா ஐயா, கொசுறு இங்க இல்ல' என்றேன். அவர் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். 'கொசுறா? அம்மா, உங்களுக்கு யாரு சொன்னது? அந்த இன்னொரு பையன்தான் கொசுறு. பேர் பிறகுன்னா என்ன அர்த்தம்னு நெனச்சீங்க? அஞ்சு பேருல ஒருத்தனை நாங்க எடுத்துக்கலாம்னு பேச்சு, ஒன்றரை மாசம் எங்க ஆளுங்க பின்னாலயே போய் ஒவ்வொருத்தனையா பாத்தாங்க. மத்த நாலு பேரும் நல்லா அடிக்கறாங்க. உங்க பையன் பந்து பிடிக்கற அன்னிக்கு மட்டும் அவனுக்கு எதிர்ல நின்னு வீசற சொந்த அணிப் பையன் பயப்படாம வீசறான். அதைத்தான் எழுதிக் குடுத்தாங்க, நானும் மொதல்லேர்ந்து அதையேதான் சொல்லிட்டிருந்தேன்' என்றார். உன் அப்பா படியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். நான் காபி போட்டேன், இருந்த சலாமி இறைச்சியை எல்லாம் பொரித்து வாழைக்காய் மசியலோடு வைத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது அவர் கேட்டது ஒன்றுதான், 'பையன் போய்ச் சேந்துட்டானில்ல?' 'கிளம்பிட்டான் ஐயா' என்று சொன்னேன். எங்கே என்று சொல்லவில்லை. அவர் தெருவைத் தாண்டும்வரை நான் மாதா படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், உன்னை வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள், நீயோ வேண்டாதவன் என்று நினைத்துக்கொண்டு எந்தப் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறாயோ என்று.

அப்புறம்தான் நேற்றைய உன் அழைப்பு. நிலையத்தில் இரண்டு பேருந்தும் பக்கத்துப் பக்கத்தில் நின்றது, ஒன்று வீட்டுக்கு விமானம் ஏறுகிற மயாமிக்கு, ஒன்று புது அணியின் ஊருக்கு என்றாய். எப்படி இதில் ஏறினாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை, அப்படியே இருக்கட்டும், உன் மனசு உன்னுடையது. இறங்கினதும் ஒரு பெரியவர் காத்திருந்து, பையைக்கூட வாங்காமல் 'முழங்கால் எப்படி இருக்கு, இன்னிக்குப் பிடிப்பியா' என்று சைகையில் கேட்டார் என்றாயே, அந்த ஒரு கேள்விக்காக நான் அவருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். பழைய இடத்தில் இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்தாயே, ஒருவனாவது உன் முழங்காலைக் கேட்டானா? சாகோவிடம் பெரூச்சோ சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கன்னத்தைச் சொறிந்தான், பிறகு 'நான் அப்பவே சொன்னேனே, மட்டையால அளக்கக் கூடாதுன்னு' என்றான். பொய்யன். ஒரு ரசிகையாக ஒன்று சொல்கிறேன் கேள், அந்தப் பண்டமாற்றில் ஏமாந்தது உன் பழைய அணிதான், போன ஞாயிறே அந்த இடதுகைக் கிழவருடைய கை வீங்கிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். பாவம் அந்த மனிதரும், அவரையும் நாளைக்கு ஒரு பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். ஆனாலும் கொஞ்சம் சிரித்தேன்.

இனிமேல் நான் சொல்வதைக் கேள். உன்னை மறுபடியும் மாற்றுவார்கள், அப்போது இப்படிக் கூத்து அடிக்காதே. எவனோ கேட்டால்தான் எவனோ கொடுப்பான், கேட்க ஆளில்லாதவனை மாற்ற மாட்டார்கள், சும்மா வீட்டுக்கு அனுப்புவார்கள். புது அணிக்கும் உயிரைக் கொடுத்துவிடாதே, உழைப்பைக் கொடு, உயிர் நான் கொடுத்தது. உன் எதிரில் நின்று வீசுகிற பையனுக்கு மட்டும் உண்மையாக இரு, அவனும் எவளோ ஒருத்தி பெற்றதுதான். முழங்கால் வலித்தால் வாயைத் திறந்து சொல், அதற்குத் தேவையான இங்கிலீஷையாவது கற்றுக்கொள். அவித்த பீன்ஸ் டப்பாவையே தின்று காலம் தள்ளாதே, சோறு ஆக்கத் தெரிந்த பையன் ஒருவனாவது இருப்பான், அவனோடு சேர்ந்து தங்கு. யாஹைரா கணக்கில் தேறிவிட்டாள், உனக்கு முத்தம் அனுப்புகிறாள்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், அல்தாக்ராசியா மாதா உன் இரண்டு முழங்காலுக்கும் கீழே கையை வைத்துத் தாங்கட்டும். கடைசியாக ஒன்றை மறந்துவிடாதே. உன் அப்பா நேற்று டெலிபோன் ஆபீஸிலிருந்து நேராகப் போய் ஏணியைத் திரும்பக் கடன் வாங்கி வந்துவிட்டார், முன்சுவரில் ஆரஞ்சைச் சுரண்டி முடித்தாயிற்று, உள்ளே வெறும் சிமெண்டு தெரிகிறது, இதை எழுதும்போது பக்கத்தில் நின்றுகொண்டு 'நிறம் என்னன்னு கேளு, நிறம் என்னன்னு கேளு' என்று உயிரை வாங்குகிறார். நீ என்ன வேண்டுமானாலும் எழுது, அந்த அணியின் நிறத்தை மட்டும் எழுதாதே. சுவர் சிமெண்டாகவே இருக்கட்டும். இந்த வீட்டுப் பிள்ளை இப்போது யாருக்கு ஆடுகிறான் என்று தெரிய வேண்டியவர்கள் கதவைத் தட்டிக் கேட்கட்டும், சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

உன்னைப் பெற்று, பேரும் வைத்த
அம்மா நெரேய்டா