அத்தையும் உள்ளே வருகிறார்

அன்பு மாமாவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன், அவ்வளவுதான். செருப்பு காலில் ஏறவில்லை. தலைவலி விட்டபாடில்லை.

இன்று அத்தை என்னைக் கர்ப்பிணிகள் வகுப்புக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். புது நர்ஸ் நம் மலைச்சனத்துப் பெண். நம் பாஷையிலேயே பேசினாள். கால் வீங்கினால், தலை வலித்தால் சும்மா இருக்கக் கூடாது என்றாள். நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள். பிரஷர் பார்த்ததும் முகம் மாறியது.

“இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்க்கா.”

“அங்க மட்டும் வரமாட்டேன்” என்று எழுந்துவிட்டேன்.

போன பிரசவத்துக்கு அங்கே அத்தையை வெளியே நிறுத்திவிட்டு என்னைத் தனியாக உள்ளே கொண்டுபோனது உங்களுக்கே தெரியும். நம் பாஷை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. வெறுங்கையோடுதான் வீடு திரும்பினேன்.

நர்ஸ் அதட்டவில்லை. “என்ன செஞ்சா வருவீங்க?” என்று கேட்டாள். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதேயில்லை.

“அத்தை கூடவே இருக்கணும். என்ன செய்யறாங்கன்னு எனக்குப் புரியணும்.”

அவள் அங்கேயே பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டு, விடாமல் வாதாடி, சம்மதிக்க வைத்துவிட்டாள். அவளும் கூட வருகிறாள்.

அத்தை துணி எடுத்துவைக்கிறார். போன தடவை தைத்த சின்னச் சட்டையைப் பையின் அடியில் வைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வேன் வந்துவிட்டது. உங்களுக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை; உங்கள் பக்கம் வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். லீவுக்குக் காத்திருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். யார் தடுத்தாலும் வாசலில் நின்றுவிடாதீர்கள், மாமா.

உங்கள் வீட்டுக்காரி