கூப்பிட்டேன், யாருமே எடுக்கல

மார்ச் 3, செவ்வாய்

அம்மா மறுபடி விழுந்துவிட்டாள். ஹாலில் போன் அடித்ததும் படுக்கையறையிலிருந்து ஓடியிருக்கிறாள். புரை முற்றிய கண்ணுக்கு வழியில் கிடந்த முக்காலி எங்கே தெரியும்? முழங்கால் வீங்கிவிட்டது.

"உங்கண்ணன்தான்னு நினைச்சேன்" என்கிறாள். அடித்தது யாரோ, தவறான எண்ணாம்.

மார்ச் 5

அண்ணன் வந்தால்தான் கண் ஆபரேஷன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்போ நான் யாரு? வழிப்போக்கியா? அவனைக் கேட்டால், "எத்தனை தடவை கூப்பிட்டேன், யாருமே எடுக்கல." பச்சைப் பொய். அம்மா அதை நம்பிக்கொண்டு, மருந்துக்கடை வேலைக்குப் போகும் அவசரத்தில் நான்தான் ரிசீவரைச் சரியாக வைப்பதில்லை என்று என்னைத் திட்டுகிறாள்.

இருக்கட்டும். அவன் வாயை அடைக்கிறேன்.

மார்ச் 7

கார்ட்லெஸ் போன், யாரும் எடுக்காவிட்டால் குரலைப் பதிந்துவைக்கும் ஆன்சரிங் மெஷினோடு வேண்டும் என்றேன். கடைக்காரர் கலர் கலராகக் காட்டினார். "ரொம்ப ஸ்லிம், மேடம்." போன் ஒல்லியாக இருந்து எங்கம்மாவுக்கு என்ன ஆகப்போகிறது? தடவினாலே தெரிகிற பெரிய பொத்தான் வேண்டும். சத்தம் கூட்ட வேண்டும். பதிவான குரல் நாமாக அழிக்கும்வரை இருக்க வேண்டும். கடைசியில் அடித்தட்டிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்தார், சோப்புப் பெட்டி போலத் தடியாக. அதேதான்.

போனில் சொன்னால் அண்ணன் சிரிக்கிறான். "இந்தக் காலத்துல இதை யார் வாங்குவா? ஒரு செல்போன் வாங்கிக் குடு." செல்போன் திரையை அம்மா என்ன, மோந்தா பார்ப்பா? பட்டென்று வைத்துவிட்டேன்.

மார்ச் 8

மெஷினில் என் குரலையே பதிந்தேன்: "அம்மா வீட்டில்தான் இருக்கிறார். சொல்ல வேண்டியதைச் சொல்லவும்."

"ஏண்டி சண்டைக்கு நிக்கிற மாதிரி பேசறே?" என்றாள் அம்மா. மாற்ற மாட்டேன்.

மார்ச் 15

ரிசீவரைக் காணோம். மெஷினிலுள்ள தேடும் பொத்தானை அழுத்தினால் தலையணை உறைக்குள் கத்துகிறது!

மார்ச் 26

கடையிலிருந்து கூப்பிட்டேன். பதிய இடமில்லை என்றது மெஷின். பதறி ஓடிவந்தால் அம்மா நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள். மெஷினில் யார் குரல் என்று கேட்டுத்தான் எடுப்பாளாம்; அண்ணன் என்றால் வேண்டுமென்றே எடுப்பதில்லையாம். பேசவிட்டுச் சேர்த்து வைக்கிறாளாம்.

"எடுத்தா உடனே வெச்சிடறான். இதுன்னா திரும்பத் திரும்பக் கேட்டுக்கலாம்ல?"

அவன் வாயை அடைக்க வாங்கினேன். மெஷினிடம் ஒப்பித்துவிட்டால் துரைக்குக் கடமை முடிந்ததாம். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"அழிச்சிடவா?"

"கை வெச்சுப் பாரு!"

மார்ச் 29, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓடவிட்டாள். "அம்மா, நான்தான். வேலை ஜாஸ்தி. அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்." பீப். "நான்தாம்மா. அடுத்த வாரம் கண்டிப்பா." பீப். "அம்மா, அடுத்த வாரம்..."

நடுவில் நிறுத்தினாள். "இது எந்த வாரத்துதுடி?"

எனக்கும் தெரியவில்லை. அவள் அதற்குப் பிறகு எதையும் போடவில்லை.

ஏப்ரல் 2

கண் ஆபரேஷனுக்கு டாக்டர் திங்கட்கிழமை அட்மிட் ஆகச் சொன்னார். தேதி கேட்டது நானில்லை. அம்மாவே பொத்தான்களைத் தடவித் தடவிக் கூப்பிட்டிருக்கிறாள். பதிவுகளையும் அழித்துவிட்டாள். மெஷினை நிறுத்தச் சொன்னாள்.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. ரிசீவர் அவள் மடியில்தான் இருந்தது. சின்னத் திரையில் அண்ணனின் எண். சொன்னேன்.

"தெரியும்" என்றாள். அது அடித்து ஓயும்வரை அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் என் செல்லுக்கு வந்தான். "வீட்டுக்குக் கூப்பிட்டேன், யாருமே எடுக்கல."

"ஆமா, எடுக்கல" என்றேன்.