பெயருக்கு முன்னால் ஒரு கட்டம்

9 ஜனவரி 2006, திங்கள்
இன்று குழந்தைகள் பனியன். கழுத்துப் பட்டியில் பிசிறு அதிகம், வெட்டி வெட்டி விரல் காய்த்துவிட்டது. இந்த டைரி சாயப்பட்டறைக்காரர்கள் கம்பெனிக்குக் கொடுத்தது. மகள் ராணி இருந்திருந்தால் என்னிடமிருந்து பிடுங்கியிருப்பாள். காய்ச்சலில் அவள் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற கை. பிழை இருக்கும்.

11 ஜனவரி
பேக்கிங் ஹாலில் தொங்குகிற கறுப்புத் திரையை இன்று நின்று பார்த்தேன். பழைய கம்ப்யூட்டர். படம் வராது, எழுத்து மட்டும்தான். யாருக்கு எந்த லாட், அதாவது எந்தத் துணிக்கட்டு, என்று பெயர் போட்டு வரும். முன்பு இங்கிலீஷில் வந்தது. ஆளாளுக்கு சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் ரூமில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ராணிதான் அதற்குத் தமிழ் எழுத்து உண்டாக்கினாள். ஹாலில் இருக்கிறவர்கள் பெயருக்கு எது எது வேண்டுமோ அதை முதலில் செய்தாள். ‘ஒ’ மட்டும் பாக்கி. அது என் ஒருத்திக்குத்தான் தேவை.

"உன்னோடது சுழிச்ச எழுத்தும்மா. நிதானமாப் போட்டுக்கலாம்" என்றாள்.

அதனால் என் பெயரில் முதலில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். பிறகு ‘ச்சாயி’. கூட வேலை செய்கிற வேலாத்தாள் என்னைப் பொட்டியக்கா என்றே கூப்பிடுவாள். "பொட்டியக்கா, உங்க லாட் வந்திருச்சுங்க." முன்பெல்லாம் சிரிப்பேன்.

13 ஜனவரி
மேனேஜர் செங்கோட்டையன் அந்தக் கட்டத்தைக் கை நீட்டிக் காட்டி முனீஸிடம் பேசினார். ராணியோடு கம்ப்யூட்டர் ரூமில் இருந்தவன் முனீஸ். பிப்ரவரியில் துணி வாங்குகிற பையர் ஆட்கள் வருகிறார்களாம்.

"பாதி எழுத்தோட கெடந்தா நல்லாவா இருக்குது கண்ணு? ஒண்ணு முழுசா முடிச்சுப் போடு. இல்லீன்னா பழையபடி இங்கிலீசே இருக்கட்டும்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது. இங்கிலீஷ் வந்துவிட்டால் அவள் போட்டதெல்லாம்?

14 ஜனவரி
துக்க வீடு. இந்த வருசம் பொங்கல் இல்லை.

18 ஜனவரி
முனீஸுக்கு ஆர்டர் வேலை தலைக்கு மேலே. நான் போடட்டுமா என்று கேட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உட்காரவைத்துக் காட்டினான்.

எழுத்தெல்லாம் ஒரே ஃபைலில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கிறது. திரையில் எரிய வேண்டிய இடத்தில் எக்ஸ், எரியக் கூடாத இடத்தில் புள்ளி. ஒரு வரிக்கு எட்டு, பதினாறு வரி சேர்ந்தால் ஒரு கட்டம். அகலமான எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம். வேறு வித்தை எதுவும் இல்லை. தட்டி வைத்துவிட்டு, ராணி எழுதிவைத்த கட்டளையைக் கொடுத்தால் ஹாலில் தெரியும்.

"ஒண்ண எடுத்தா அந்த எடத்துல இன்னொண்ண வச்சிரணும்க்கா."

தலையாட்டினேன். கீபோர்டில் எக்ஸ் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அவள் விரல் பட்டது. அதன் மேல் என் விரலை வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

23 ஜனவரி
‘ஒ’ வரவில்லை. நத்தை மாதிரி வருகிறது.

27 ஜனவரி
என்ன செஞ்சேன் நான்.

ராணி போட்ட ‘ம’வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு எக்ஸ் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. பிசிறு மாதிரி. நாளெல்லாம் பிசிறு வெட்டுற கை, கண்டதும் வெட்டிவிட்டது. சேமித்தேன். கட்டளையையும் கொடுத்தேன்.

ஹாலில் திரை முழுக்கக் குப்பை. எழுத்தெல்லாம் வெட்டுப்பட்டு, சரிந்து, ஒரு பெயரும் தெரியவில்லை. பேக்கிங் நின்றுவிட்டது. திரைக்குப் பேய் பிடிச்சிருச்சா என்று வேலாத்தாள் கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் வந்து பார்த்தார். உடனே இங்கிலீஷ் போடச் சொன்னார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வேறு நகல் இல்லை என்கிறான் முனீஸ். காய்ச்சல் அவளை எடுத்துச்சு. மிச்சமிருந்ததை நான் எடுத்துட்டேனா? ராணி, நான் வேணுமின்னு செய்யலடி.

28 ஜனவரி
டீ நேரத்தில் முனீஸ் கூப்பிட்டான்.

"அக்கா, ‘ம’வுக்கு முன்னாடி இருக்கதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதுலருந்துதான் கோணல். அதுல என்ன பண்ணீங்க?"

பிசிறு வெட்டினேன் என்றேன்.

"வெட்டுன எடத்துல புள்ளி வச்சீங்களா?"

வைக்கவில்லை. துணியில் வெட்டினால் வெட்டியதுதான், அங்கே யார் எதை வைக்கிறார்கள்? இங்கே அந்த ஓர் இடம் குறைந்ததும் பின்னால் இருந்த அத்தனையும் வரிசையாக முன்னால் நகர்ந்து வந்துவிட்டன. எதுவும் அழியவில்லை. இடம் மாறி நின்றது, அவ்வளவுதான்.

புள்ளி வைத்தேன். அவன் மேஜையில் இருந்த திரையில் எல்லாம் திரும்பி வந்தது. ஆனால் ‘ம’ இடுப்பொடிந்தாற்போல இருந்தது. அது பிசிறே இல்லை. கிட்டத்தில் துருத்திக்கொண்டு தெரிவது தூரத்தில் வளைவாகத் தெரியும். அவள் அறிந்துதான் வைத்திருக்கிறாள். புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி எக்ஸ் வைத்தேன்.

ஹாலில் இன்னும் இங்கிலீஷ்தான். முழுசாக முடித்துக் காட்டினால்தான் தமிழ் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

31 ஜனவரி
உள்சுழியிலிருந்து தொடங்கினேன். வெளியே வந்து, பக்கத்துக் கட்டத்துக்குத் தாண்டி, கீழே இறக்கி முடித்தேன். எதையாவது எடுக்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன், எடுத்தா வை, எடுத்தா வை என்று.

‘ஒ’ வந்துவிட்டது. மற்ற எழுத்தை விடத் தடிப்பு. "உங்கள மாதிரியே குண்டா இருக்குக்கா, இளைக்க வைக்கட்டுமா?" என்றான் முனீஸ்.

வேண்டாம் என்றேன். ராணி போட்டிருந்தால் மெலிசாக வந்திருக்கும். இது நான் போட்டது.

2 பிப்ரவரி
முனீஸ் ஹாலில் தமிழைப் போட்டுக் காட்டினான். மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் ஒவ்வொரு பெயராக வாசித்தார். என் பெயர் வந்ததும் நின்றார். "செரீங்க அம்மிணி, இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

வேலாத்தாள் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். "இனி உங்கள என்னன்னுங்க கூப்புடறது?"

7 பிப்ரவரி
பையர் ஆட்கள் வந்து போனார்கள். திரையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

13 பிப்ரவரி
சிவகங்கைப் பக்கத்திலிருந்து சித்ராதேவி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். ராணியை அவளுக்குத் தெரியாது. திரையை அண்ணாந்து பார்த்து, எழுத்துக் கூட்டாமல் சரளமாக வாசித்துக் கேட்டாள்.

"ஒச்சாயிங்கிறவுக யாரு? உங்க லாட் வந்திருக்கு."

கையைத் தூக்கிக் காட்டினேன்.